உதை தாங்கும் டிஸ்க்

ராஜபாளையத்தில் கிளாட்வினைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் தங்கமான ஆள் என்பார்கள். பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை. கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரலுக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. தெருவில் யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றாலும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பான், காசு கொடுத்தால் வாங்க மாட்டான். இந்த நல்ல வார்த்தைகளை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். பிறகு சொல்ல வாய் வராது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் அவன் வேறு ஆள். குளித்துவிட்டு வரும்போது துண்டு ஈரமாக இருந்தால் அடி. ஃபோன் அடித்து உடனே எடுக்காவிட்டால் அடி. மில்லில் சூப்பர்வைசர் ஏசியிருந்தால் அடி. கோயிலில் அவன் பாட்டை யாராவது பாராட்டாமல் போய்விட்டால் அதற்கும் அடி. பிள்ளை இல்லாததற்கு அவ்வப்போது தனியாக உண்டு. அடித்து முடித்துவிட்டு முகம் கழுவி, வேதப் புத்தகத்தை விரித்து, குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவான். உதடு கிழிந்த வாயோடு ஸ்வீட்லினும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்ல வேண்டும். கடவுளுக்கு எப்படித்தான் அந்த ஆமென் காதில் ஏறியதோ தெரியவில்லை.

ஸ்வீட்லினுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகத்துப் பக்கம். அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர், அவள் கல்யாணத்துக்குப் பிறகு செத்துப் போனார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை பார்த்தாள். நல்ல கைக்காரி. ஆயிரக்கணக்கில் வரும் படங்களில் எதை எடுப்பது, எதை விடுவது, எந்தச் சித்தி கோபித்துக்கொள்வாள் என்பதெல்லாம் அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதனால்தான் அப்பா சீர்வரிசையில் கட்டில், பீரோவோடு ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொடுத்தார். ராஜபாளையத்துக்கு வந்த பிறகும் ஃபோட்டோகிராபர் இம்மானுவேல் கல்யாணப் படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார், அவள் வீட்டிலேயே உட்கார்ந்து ஆல்பம் போட்டுக் கொடுப்பாள்.

கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியான சிபியு மேசைக்குக் கீழே தரையில் இருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கிளாட்வினுக்குக் கை நீட்டுவதை விடக் கால் நீட்டுவதுதான் வசதி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை உதைக்க வருவான், வருகிற கால் முதலில் சிபியுவில் விழும். தகரம் டமார் என்று சத்தம் போடும், திரை அப்படியே உறைந்து நிற்கும், ஸ்வீட்லின் வாய் விட்டு அழுவாள். அந்தச் சத்தமும் அந்த அழுகையும் அவனுக்குப் போதும். பாதி நாள் அதோடு அடங்கிவிடுவான்.

ஒரு தடவை அவள் மிகவும் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள். பெட்டி பாழாகிறதே என்று சிபியுவைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே கால் வந்தது. கீழே பெட்டி இல்லை. உதை நேராக அவள் முழங்காலில் விழுந்தது. வீங்கின காலோடு பல நாள் நொண்டினாள். கோயிலில் கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். நடக்க முடிந்த அன்றைக்கு முதல் வேலையாக சிபியுவைத் தூக்கிப் பழையபடி கீழே வைத்தாள். இன்னும் சொல்லப் போனால், முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். தனக்கு வரும் உதையை வாங்குவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று ஒரு பெண் நினைத்தால் அதைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் தகரப் பெட்டி தாங்கும், உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தை மாத முகூர்த்த நெருக்கடியில் ஒரு நாள் விழுந்த உதையோடு அது போய்விட்டது. கூடவே ஒரு கல்யாணமும் போய்விட்டது. பெண்ணின் அப்பா ஐயாதுரை, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த கையோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். அவர் சிரித்த முகத்தோடு இருந்த கடைசிப் படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. இம்மானுவேல் அடுத்தடுத்த கல்யாணங்களுக்குப் போகிற அவசரத்தில் கேமரா கார்டை அழித்துவிட்டிருந்தார். சீசனில் எல்லா ஃபோட்டோகிராபரும் அப்படித்தான், ஆல்பம் போடுகிறவள் வீட்டில் இருக்கிறது என்ற தைரியம்.

ஐயாதுரையின் மனைவி தாலி இல்லாத கழுத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஒரு படங்கூடவா இல்ல தாயி? அவுக பட்டு வேட்டி கட்டி நின்னதுல ஒண்ணே ஒண்ணு குடுத்தாப் போதும்" என்றாள்.

"விழுந்திருச்சும்மா" என்றாள் ஸ்வீட்லின். "கை தவறிக் கீழ விழுந்திருச்சு."

உள்ளே கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கிளாட்வின் அதைக் கேட்டு, "பாத்து வைக்கணும்ல?" என்று வெளியே வந்து அவளைக் கண்டித்தான். அந்த அம்மாளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். தண்ணீர் கொடுத்தான். அந்த நிமிஷத்தில் ஸ்வீட்லினுக்கு அவனைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது. முழங்காலில் விழுந்த உதைக்குக்கூட அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் அவன் மில்லுக்குப் போனதும் சிபியுவை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். ராஜபாளையத்தில் கடை இல்லாமல் இல்லை. எல்லாக் கடைக்காரனுக்கும் கிளாட்வினைத் தெரியும், அதுதான் சங்கடம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்சாத் பேகம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஸ்வீட்லினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். புருஷன் சேக் முகைதீன் செல்ஃபோன் பக்கம் பார்த்துக்கொள்வார், கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க இவள் ராஜ்யம்.

"ஏட்டி ஸ்வீட்லின்! எம்புட்டு நாளாச்சுட்டி ஒன்னப் பாத்து!" என்று எழுந்து வந்தவள், சாக்கைப் பிரித்ததும் பெட்டியைத்தான் பார்த்தாள். பக்கவாட்டுத் தகரம் குழிந்து கிடந்தது. "என்னட்டி இது, லாரி ஏறுனாப்ல இருக்கு?"

"கீழ விழுந்திருச்சு."

"விழுந்ததா? ஒரே எடத்துலயே விழுந்திருக்கே?" என்றாள் சம்சாத். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். டிக், டிக் என்று அது நொண்டியடித்தது. "தட்டு சுத்தும்போது மேல முள்ளு மாதிரி ஒண்ணு ஓடும். ஓடுற நேரத்துல அடி விழுந்தா முள்ளு தட்டக் கீறிரும். சென்னைக்கு அனுப்பலாம், அவிய கேக்குற காசுக்குப் புது கம்ப்யூட்டரே வாங்கிறலாம். அப்பவும் படம் வரும்னு சத்தியம் பண்ண மாட்டாக."

ஸ்வீட்லினுக்கு ஐயாதுரையின் பட்டு வேட்டி கண் முன்னால் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சுத்தாத டிஸ்க் இருக்காமே?" என்றாள்.

"எஸ்எஸ்டி. எல்லாம் சிப்புதான், உள்ள ஒண்ணும் சுத்தாது, ஆடாது. ஒன் போர்டு பழசு, குச்சி மாதிரி வருமே, அது இதுல மாட்ட எடம் கிடையாது. இந்தச் சப்பை டப்பா மாடல்தான் சேரும்."

கண்ணாடி மேசை மேல் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாள். மூன்றுமே சீட்டுக்கட்டை விடப் பெரியதில்லை. ஸ்வீட்லின் முதலாவதை எடுத்தாள். எங்கும் கேள்விப்படாத பேர், விலை சல்லிசு.

"இது விழுந்தாத் தாங்குமா?" என்றாள்.

"விழுறது கெடக்கட்டும், இதுல எம்புட்டு எடம்னு மேல போட்டிருக்கானோ அம்புட்டும் உள்ள இருக்குமான்னே நான் உறுதி சொல்ல மாட்டேன். கல்யாணப் படத்தை இத நம்பிப் போடாத."

இரண்டாவது கொஞ்சம் பேர் தெரிந்த கம்பெனி. ஆனால் இடம் கம்மி.

"இது தாங்குமா?"

"தாங்கும். ஆனா விண்டோஸு, ஒன் போட்டோஷாப்பு எல்லாம் போட்டா ரெண்டு கல்யாணத்துலயே ரொம்பிரும். நெறைய நெறைய இது மெதுவாயிரும். முக்கால்வாசிக்கு மேல ரொப்பப்படாது, தெரிஞ்சுக்க."

மூன்றாவதில் இடம் இருமடங்கு. வாரண்டியும் கூட. கையில் இருந்த ஆல்பக் கூலிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கும் விலை.

"இதுலயும் ஒரு கொறை உண்டு" என்றாள் சம்சாத். "சின்ன ஃபைலுக்குப் பறக்கும். மொத்தக் கல்யாணத்தையும் ஒரே மூச்சுல காப்பி போட்டேன்னா பாதியில தளர்ந்து, பொறவு மெதுவாத்தான் போகும். அந்தத் தளர்ச்சி இல்லாத மாடல் வேணும்னா இன்னும் காசு ஆகும். ஒனக்கு அது அவசியம் இல்ல. காப்பியப் போட்டுட்டுப் போயி சோறு பொங்கு."

"இது தாங்குமா?"

சம்சாத் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று டிஸ்க்குக்கும் இவள் கேட்டது ஒரே கேள்விதான். வேகத்தைக் கேட்கவில்லை, எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்கவில்லை. முழுக்கை ஜாக்கெட்டின் ஓரத்தில் மணிக்கட்டில் பழைய கன்றல் பழுத்துப் போன மஞ்சள் நிறம் தெரிந்தது. ஸ்வீட்லின் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"எத்தாந்தண்டி ஒசரத்துல இருந்து விழும்?" என்றாள் சம்சாத், மெதுவாக.

"விழாது" என்றாள் ஸ்வீட்லின். "ஒதை விழும்."

செல்ஃபோன் பக்கம் உட்கார்ந்திருந்த சேக் முகைதீன் எழுந்து, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன்.

"தாங்கும்" என்றாள் சம்சாத். "ஒதை தாங்கும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. பழைய டிஸ்க் சாகப் போகுதுன்னா கரகரன்னு சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துரும். இது அப்படி இல்ல. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு கம்முன்னு இருக்கும், ஒரு நா சொல்லாமக் கொள்ளாம நின்னுரும். அதனால ஆல்பத்த எல்லாம் ஒரு பென் டிரைவுலயும் போட்டு வையி." அப்புறம், "டிஸ்க்குக்கு ஒதை தாங்குறதாப் பாத்து வாங்கிட்ட. ஒனக்கு என்னட்டி வாங்கப் போற?" என்றாள்.

ஸ்வீட்லின் மூன்றாவது டப்பாவைச் சம்சாத் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்தப் பழைய பெட்டியில் இவ்வளவு சின்ன டிஸ்க்கை உட்கார வைக்க இடம் கிடையாது. சம்சாத் இரட்டை ஒட்டு டேப்பைக் கிழித்து உள்பக்கச் சுவரில் அப்படியே ஒட்டினாள். விண்டோஸும் போட்டோஷாப்பும் ஏற்றினாள். "ரெண்டே ரெண்டு ஒயரு. ஷட் டவுன் பண்ணிட்டு ரெண்டையும் உருவி, டிஸ்க்கப் பிச்சு எடுத்தா வந்துரும். வேற எந்தப் பெட்டியில மாட்டுனாலும் ஒன் வேலை விட்ட எடத்துல இருந்து எந்திரிக்கும். பெட்டிங்கிறது வெறும் தகரந்தான்" என்று, கேட்காமலே ரெண்டு தடவை கழற்றி மாட்டிக் காட்டினாள். செத்துப் போன பழைய டிஸ்க்கையும் சாக்கில் போட்டுக் கொடுத்தாள். முழுக்க இரும்பு, செங்கல் கனம் கனத்தது. "பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சுக்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஸ்வீட்லினுக்கு நல்ல காலம் மாதிரி இருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டே இருந்த கம்ப்யூட்டர், இப்போது அவள் நாற்காலியை இழுப்பதற்குள் தயாராக நின்றது. வேலை சீக்கிரம் முடிந்தது. இம்மானுவேல் சந்தோஷப்பட்டு இன்னும் நாலு கல்யாணங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கால் அவ்வப்போது வந்தது, பெட்டி வாங்கிக்கொண்டது. நாம் நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று நினைத்து அவள் மனதுக்குள் கொஞ்சம் கர்வப்பட்டாள்.

கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அது அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் விளங்கியது.

கோயில் முடிந்து வந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு கிளாட்வின் கட்டிலில் சாய்ந்திருந்தான். இம்மானுவேலிடமிருந்து ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னான் கிளாட்வின். "அருமையா பண்ணியிருக்கம்மா, ஒன் கைக்கு மோதிரம் போடணும்" என்று அந்தப் பெரிய மனுஷர் பாராட்டிவிட்டு வைத்தார். அவருக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது. கிளாட்வினுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"கைக்கு மோதிரம் போடுதானாம்ல? எந்தக் கைக்குட்டி?" என்று எழுந்து வந்தான்.

புதுக் கல்யாணம் ஒன்று இம்மானுவேல் கொடுத்த பென் டிரைவிலிருந்து காப்பி ஆகிக்கொண்டிருந்தது. கால் வந்தது. தகரம் டமார் என்றது. திரையில் காப்பியின் அளவு காட்டும் பச்சைக் கோடு நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஸ்வீட்லின் அழவில்லை. அழ என்ன இருக்கிறது, காப்பிதான் ஓடுகிறதே. அவள் கண் பச்சைக் கோட்டிலேயே இருந்தது.

அவன் திரையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் உதைத்தான். கோடு ஊர்ந்தது. மூச்சு வாங்க மூன்றாம் தடவை உதைத்தான், பெட்டி சுவரில் போய் மோதி நின்றது. கோடு அப்போதும் ஊர்ந்தது. உடையாத பொருளை உதைப்பதில் அவனுக்கு என்ன சுகம்? இத்தனை வருஷமும் பெட்டி அவளைக் காப்பாற்றவில்லை, பெட்டி உடைந்ததுதான் காப்பாற்றியிருக்கிறது. அது ஸ்வீட்லினுக்குப் புரிந்தபோது அவள் தலைமுடி அவன் கையில் இருந்தது.

முகத்தை மேசை விளிம்பில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி கீபோர்டில் விழுந்தது. இன்னொரு தடவை மோதினான். "அழுட்டி! வாயத் தொறந்து அழுட்டி!" என்று கத்தினான். அவள் வலது கையை மேசையில் விரித்து வைத்து, "இந்தக் கைக்குத்தான மோதிரம்?" என்று சுட்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான்.

விரல் போனால் வேலை போச்சு. அந்த ஒரு நினைப்பில்தான் அவளுடைய இடது கை மேசையைத் துழாவியது. மாதிரித் தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த செத்த ஹார்டு டிஸ்க் கையில் அகப்பட்டது. திரும்பிப் பார்க்காமல் பின்னால் வீசி அடித்தாள். அவன் புருவத்தில் போய் விழுந்தது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். கிளாட்வின் "எம்மா" என்று முனகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவனை அடக்குவதற்கு இன்னொரு அடி தேவையில்லை. ஆனாலும் ஸ்வீட்லின் இன்னொன்று அடித்தாள், தோளில். அது ஐயாதுரைக்காக.

அவன் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு முகம் கழுவக் குளியலறைக்குள் போனான். "வந்து ஒன்னக் கொல்லுதேன், இரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொல்லுவான் என்று அவளுக்கும் தெரிந்தது. ஓடிப் போய்க் குளியலறைக் கதவை வெளியே தாழ் போட்டாள்.

தெருவுக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனால் காப்பி இன்னும் முடியவில்லை. சம்சாத் சொன்ன அந்தத் தளர்ச்சி சரியாக அப்போதுதான் வந்தது, கோடு நத்தையாகிவிட்டது. பாதியில் பென் டிரைவைப் பிடுங்கினால் அதிலிருக்கிற படமும் கெட்டாலும் கெடும், இம்மானுவேலிடம் கார்டு இருக்கிறதோ, அழித்துவிட்டாரோ? இன்னொரு வீட்டு அம்மாளிடம் போய் விழுந்திருச்சு என்று சொல்ல அவள் தயாரில்லை. குளியலறைக் கதவு படபடவென்று அதிர, மூக்கில் சேலைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு, கோடு முடிகிறவரை நின்றாள். கெட்ட வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. கட்டைக் குரல், தெளிவாகக் கேட்டது. கோடு முடிந்தது. ஷட் டவுன் கொடுத்தாள். விளக்கு அணைந்ததும் பக்கத் தகரத்தை இழுத்தாள், உதை வாங்கி நெளிந்திருந்த தகரம் கையோடு வந்தது. ரெண்டு ஒயரை உருவினாள். டிஸ்க்கைப் பிய்த்து எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். தகரத்தைத் திரும்ப மாட்டி, பெட்டியைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, வீட்டை ஒழுங்காக வைத்துப் பழகிய கை.

வாசலில் பக்கத்து வீட்டு முத்தாத்தாள் சோற்றுக் கையோடு நின்றாள். சத்தம் கேட்டு வந்தவள் ஸ்வீட்லின் முகத்தைப் பார்த்தாள்.

"அவிய குளிக்கிற ரூமுல இருக்காக, அக்கா. செத்த நேரம் கழிச்சுக் கதவத் தொறந்து விடுங்க."

முத்தாத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. "நான் இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன்" என்றாள். "சாப்புட்டு, கை கழுவி, செத்த படுத்து எந்திரிச்சிட்டு வந்து தொறக்கேன். நீ போ தாயி."

ஸ்வீட்லினின் அம்மா அன்னாள், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கிய மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, மறுநாளே சமாதானம் பேச ஆள் விட்டாள். அது அவள் சுபாவம். அடி வாங்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு தடவையும் மகளுக்குத் தலை சீவி, பூ வைத்து, அனுசரித்துப் போ என்று பஸ் ஏற்றியவள் அவள்தான்.

சனிக்கிழமை காலையில் ராஜபாளையத்தில் கோயில் வளாகத்தில் கூடினார்கள். சபைப் பெரியவர் தேவஇரக்கம், கமிட்டியிலிருந்து இன்னும் ரெண்டு பேர். கிளாட்வின் புருவத்தில் பெரிய கட்டோடு, பார்க்கவே பாவமாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பெரியவர்கள் அந்தக் கட்டையே பார்த்தார்கள். ஸ்வீட்லினின் மூக்கு வீக்கம் அதற்குள் வடிந்துவிட்டது, சுட்டு விரலில் போட்டிருந்த கட்டை அவள் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். வருஷக்கணக்காக மூடிப் பழகிய கை, இன்றைக்கும் அதுபாட்டுக்கு மூடிக்கொண்டது.

"என்ன இருந்தாலும் ஒரு பொம்பள இரும்பத் தூக்கலாமாம்மா?" என்றார் தேவஇரக்கம்.

"நான் மன்னிச்சிட்டேன் அய்யா" என்றான் கிளாட்வின். "வீட்டுக்கு வரச் சொல்லுங்க. கம்ப்யூட்டரக்கூட வண்டியில கட்டிக் கொண்டாந்திருக்கேன். வாரேன்னா அவ மேசையில கொண்டு போயி நானே வச்சுக் குடுக்கேன். வரலைன்னா குடுக்க மாட்டேன். அது இல்லாம இவ எப்படிப் பிழைப்பான்னு நானும் பாக்கேன்."

வேப்ப மரத்தடியில் நின்ற அவன் வண்டியில் சிபியு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அது அவ அப்பா குடுத்த சீர்தானே, கொடுத்துவிடு என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். கிளாட்வின் தலையை ஆட்டினான். எல்லாரும் ஸ்வீட்லினைப் பார்த்தார்கள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார்கள். கிளாட்வின் ரொம்பவே எதிர்பார்த்தான்.

"அவியளே வச்சுக்கிடட்டும்" என்றாள் ஸ்வீட்லின்.

"என்னது?"

"எனக்கு வேண்டாம். நான் வரலை."

கிளாட்வினின் முகம் மாறியது. அந்த மாற்றத்தை ஸ்வீட்லின் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், அங்கே இருந்த வேறு ஒருவரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விறுவிறுவென்று வண்டிக்குப் போய்க் கயிற்றை அறுத்தான். பெட்டியைத் தூக்கி கோயில் படிக்கட்டில் போட்டான். "வேண்டாமா? வேண்டாமாட்டி?" என்று ஓங்கி உதைத்தான். தகரம் டமார் என்றது. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அவனுக்கு முன்னால் அவளும் பெட்டியும்தான் இருந்தார்கள், அவனுடைய வீட்டில் இருப்பது போல. உதைத்தான், மிதித்தான், வாயில் நுரை தள்ள ஏறி நின்று குதித்தான். கோயிலில் பாடுகிற அதே குரலில், எழுத முடியாத வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி உதைத்தான்.

தேவஇரக்கம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் எழுந்து பின்னால் போய் நின்றார்கள். அன்னாளின் வாய் திறந்தபடி இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் அவள் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. பூ வைத்து அனுப்பிவிட்ட பஸ் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பக்கத் தகரம் பிய்ந்து தூரப் போய் விழுந்தது. உள்ளே ஒரு மூலையில் ரெண்டு ஒயர்கள் ஒன்றிலும் மாட்டாமல் தொங்கின. சுவரில் ஒட்டு டேப்பின் மிச்சம் வெள்ளையாகத் தெரிந்தது. கிளாட்வின் ஃபிட்டர், ஒயரைப் பார்த்தால் அவனுக்குத் தெரியாதா? காலைத் தூக்கினபடியே நின்றான். அப்புறம் நிமிர்ந்தான். படிக்கட்டைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எத்தன வருஷமாம்மா இப்படி?" என்றார் தேவஇரக்கம்.

"இவ்வளவு நாளும் பெட்டியோட சேத்து நானும் வாங்கினேன் அய்யா" என்றாள் ஸ்வீட்லின். "விழுந்துட்டேன், விழுந்துட்டேன்னு ஒங்ககிட்டத்தான் வாராவாரம் சொன்னேன். நீங்களும் பாத்து நட தாயின்னு சொன்னீக."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்னாள் எழுந்து வந்து மகளின் கட்டுப் போட்ட விரலைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தன் கையில் ஏந்திக்கொண்டாள். "வாட்டி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

மறுவாரம் சம்சாத் ஒரு பழைய பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு மடவார் வளாகத்து வீட்டுக்கு வந்தாள். ஸ்வீட்லின் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். டிஸ்க்கை உள்ளே ஒட்டி, ரெண்டு ஒயரையும் மாட்டி, சம்சாத் பெட்டியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, மேல வைக்கவா, கீழ வைக்கவா?"

ஸ்வீட்லின் மேசையைப் பார்த்தாள், மேசைக்குக் கீழே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக, வாய் விட்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். சம்சாத் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்வீட்லின் சொன்னாள்.

"எங்கன வேணாலும் வையிட்டி."

சம்சாத் கைக்கு எட்டின இடத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஸ்வீட்லின் கட்டுப் போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் மௌஸைப் பிடித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை காப்பி போட்ட கல்யாணத்தைத் திறந்தாள்.